கொலஸ்ட்ரால் குறைந்தால் வயிற்றில் புற்றுநோய் வருமா?

“கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் வயிற்றுப் புற்றுநோய் அதிகம் வருகிறதாம். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.” குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வந்து விழும் செய்தி இது. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அப்படி ஒரு ஆய்வு உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் தினமும் போட வேண்டிய, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. அந்த ஆய்வு அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை. என்னதான் சொன்னது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் கொலஸ்ட்ரால். இது உடம்புக்கு வேண்டாத பொருள் அல்ல. ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் இது இருக்கிறது. ஆண், பெண் ஹார்மோன்கள், வைட்டமின் டி, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் எல்லாம் இதிலிருந்துதான் தயாராகின்றன. நமக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரியது. சாப்பாட்டிலிருந்து வருவது சிறு பங்குதான். அதனால்தான் முட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காத சைவர்களுக்கும் கொலஸ்ட்ரால் 250 வருகிறது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. கொலஸ்ட்ராலும் ரத்தத்தில் கரையாது. ஆகவே புரதத்தோடு சேர்த்துச் சிறு சிறு உருண்டைகளாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது உடம்பு. கல்லீரலிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும் உருண்டைதான் எல்டிஎல். இது அதிகமானால் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து மாரடைப்பு வரை கொண்டுபோகும். உடம்பின் மற்ற பாகங்களிலிருந்து கல்லீரலுக்குத் திரும்ப எடுத்து வருவது எச்டிஎல்.

லேப் ரிப்போர்ட்டில் இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதையும் பார்த்துவிடுவோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் 42, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 30. 210-இலிருந்து 42-ஐயும் 30-ஐயும் கழித்தால் 138. அதுதான் உங்கள் எல்டிஎல். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாகத்தான் அளக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்பதே இந்த எண்களின் பொருள். மொத்தம் 200-க்குக் கீழே இருந்தால் நல்லது, 240-ஐத் தொட்டால் அதிகம் என்பது பொதுவான அளவுகோல். மேல் எல்லையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். கீழ் எல்லை என்று ஒன்று உண்டா, 140, 150 என்று வந்தால் கவலைப்பட வேண்டுமா என்ற கேள்வியில்தான் நம் விஷயம் தொடங்குகிறது.

அதற்குமுன் வயிற்றுப் புற்றுநோயைப் பற்றிக் கொஞ்சம். வயிறு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இங்கே பேசுவது இரைப்பையை. உலகம் முழுக்க 2022-இல் மட்டும் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது, சுமார் 6.6 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். ஜப்பான், கொரியா, சீனா, மங்கோலியா பக்கம் அதிகம். இந்தியாவில் மிசோரம் மாநிலத்தில் அதிகம். புகையில் வாட்டிய இறைச்சி, உப்பிட்ட உணவு, புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தித் தயாரிக்கும் துய்புர் என்ற திரவம் ஆகியவற்றை அங்கே சந்தேகிக்கிறார்கள்.

இந்த நோய்க்கு மிகப்பெரிய காரணம் ஒரு கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் இது வாழ்வதை உறுதிப்படுத்தினார்கள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இதுவோ அமோனியாவைச் சுரந்து தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு வாழ்கிறது. யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

கிருமி இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. நூறு பேரில் இருவர், மூவருக்கு வந்தாலே அதிகம். வருகிறவர்களுக்கும் அது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நாள்பட்ட அழற்சி, அப்புறம் இரைப்பையின் உள்சுவர் மெலிந்துபோதல், பிறகு அந்தச் சுவர் குடல் சுவரைப் போல மாறிவிடுதல், கடைசியில் புற்று. இந்தப் பயணத்துக்கு இருபது, முப்பது வருடங்கள்கூட ஆகலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். ஃபுகுவோகா மாகாணத்தில் ஹிசயாமா என்று ஒரு சிற்றூர். 1961-லிருந்து கியூஷு பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்த ஊர் மக்களைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். பக்கவாதத்தைப் பற்றி அறியத்தான் ஆரம்பித்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரேதப் பரிசோதனையும் செய்து, உண்மையில் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். அதற்கு ஊரே ஒத்துழைத்தது. இவ்வளவு ஆழமாக ஒரு சமூகத்தைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் உலகிலேயே குறைவு.

அந்த ஊரில் 40 வயதைத் தாண்டிய 2,604 பேரின் ரத்தக் கொலஸ்ட்ராலை அளந்து, குறைவிலிருந்து அதிகம் வரை நான்கு குழுவாகப் பிரித்து, 14 வருடங்கள் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் 97 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கொலஸ்ட்ரால் குறையக் குறைய, புற்றுநோய் வந்தவர்களின் விகிதம் படிப்படியாகக் கூடியது. வயது, பாலினம், புகைப்பழக்கம், ஹெலிகோபாக்டர் கிருமி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தப் போக்கு மறையவில்லை. 2008-இல் வெளியான இந்த ஆய்வுதான் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வரியாகச் சுருங்கியது.

கொரியாவில் இன்னும் பெரிய அளவில் பார்த்தார்கள். 1992 முதல் 1995 வரை உடல் பரிசோதனை செய்துகொண்ட ஏறத்தாழ 12 லட்சம் பேரை 14 வருடம் வரை தொடர்ந்தார்கள். அங்கேயும் கொலஸ்ட்ரால் அதிகமானவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வந்தது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருந்தது. அதே ஆய்வில் அதிகக் கொலஸ்ட்ரால் உள்ள ஆண்களுக்குப் பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களும், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. பகிரப்படும் செய்திகளில் இந்தப் பாதி எப்போதும் விடுபட்டுப்போகிறது.

சரி, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன. அதனால் குறைந்த கொலஸ்ட்ரால்தான் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று வழிகளில் இப்படி நடக்கலாம். கொலஸ்ட்ரால் குறைவது புற்றுநோயை உண்டாக்கலாம். புற்றுநோய் கொலஸ்ட்ராலைக் குறைக்கலாம். இரண்டையும் வேறொன்று உண்டாக்கலாம். ரிப்போர்ட்டில் உள்ள ஒரு எண்ணைப் பார்த்து மட்டும் இதில் எது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வழி நடப்பதற்குப் போதிய காரணங்கள் உண்டு. இரைப்பையில் கட்டி வளர ஆரம்பித்தால் பசி போய்விடும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். சாப்பாடு குறைந்து எடை இறங்கும்போது கொலஸ்ட்ராலும் இறங்கும். உடம்பில் அழற்சி இருந்தால் எல்டிஎல், எச்டிஎல் இரண்டும் குறையும். கடுமையான காய்ச்சலின்போதுகூட இது நடக்கிறது. இதற்கெல்லாம் மேலே, வேகமாகப் பெருகும் புற்று அணுக்களுக்குப் புதுச் சுவர் கட்டக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. பக்கத்து நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு ராப்பகலாக மோட்டாரை ஓட்டினால் நம் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவது மாதிரிதான். நம் கிணறு வற்றியதால் பக்கத்தில் போர் போட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரத்தம் எடுத்த முதல் சில வருடங்களுக்குள் புற்றுநோய் வெளிப்பட்டவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அவர்களுக்கு ரத்தம் எடுத்த அன்றே உள்ளுக்குள் நோய் இருந்திருக்கலாம் அல்லவா? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,093 பேரை வைத்து நடந்த ஆய்வில் இப்படித்தான் செய்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அங்கேயும் கொலஸ்ட்ரால் அதிகமானவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. முதல் 9 வருடங்களில் நோய் வந்தவர்களை நீக்கியதும் அந்தத் தொடர்பு காணாமல் போனது. ஜப்பானிலேயே 33,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்த இன்னொரு பெரிய ஆய்வு 2009-இல் வெளியானது. அதில், முற்றிப் பரவிய நிலையில் கண்டறியப்பட்டவர்களைக் கழித்ததும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் குறைந்த கொலஸ்ட்ராலுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. கல்லீரல் புற்றுநோயில் மட்டும் தொடர்பு மறையாமல் நீடித்தது. கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் உறுப்பே வருடக்கணக்கில் நோய்ப்பட்டிருந்தால் அளவு குறையத்தானே செய்யும்.

மூன்றாவது வழியும் உண்டு. முன்பு சொன்னேனே, இரைப்பைச் சுவர் மெலிந்துபோகும் அந்த நீண்ட பயணம். அது புற்றுநோய்க்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர் சரியாகச் சாப்பிட முடியாமலோ, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமலோ இருக்கலாம். ஹிசயாமாவில் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து தெரிந்ததும் எல்லா வகை இரைப்பைப் புற்றும் அல்ல, சுவர் மெலிந்து குடல் சுவர் போல மாறிப் பிறகு வரும் வகைதான். ஹிசயாமா ஆய்வுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்: அந்த ஊரில் குறைந்த கொலஸ்ட்ரால், நீண்ட காலம் சீர்கெட்டுவந்த ஒரு இரைப்பையின் அடையாளமாக இருந்திருக்க வேண்டும்.

நாடுகளை வைத்து ஒப்பிடுவதிலும் இதே வழுக்கல் உண்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானில் இறைச்சியும் பாலும் கூடக் கூட மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஏறியது. அதே காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுவது போலத் தோன்றும். நிஜத்தில் நடந்தது வேறு. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்தது. உப்பில் ஊறவைத்த மீனும் காய்கறியும் சாப்பாட்டுத் தட்டில் குறைந்தன. சுத்தமான குடிநீரும் கழிப்பறைகளும் வந்ததால் குழந்தைகளுக்கு அந்தக் கிருமி தொற்றுவது தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது.

ஆனாலும் முதல் வழியை, அதாவது குறைந்த கொலஸ்ட்ரால்தான் காரணம் என்பதை, முழுதாகத் தள்ளிவிட இது போதுமா என்று கேட்கலாம். அதற்கு ஒரு அழகான யோசனையை 1986-இல் முன்வைத்தவர் நெதர்லாந்தின் மார்ட்டின் கட்டான். லான்செட் மருத்துவ இதழுக்கு அவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். சிலர் பிறக்கும்போதே ஒரு மரபணு வேறுபாட்டால் குறைந்த கொலஸ்ட்ராலோடு பிறக்கிறார்கள். அவர்களுடைய கொலஸ்ட்ரால் நோயால் குறைந்தது அல்ல, சாப்பாட்டால் குறைந்ததும் அல்ல. குறைந்த கொலஸ்ட்ரால் புற்றுநோயை உண்டாக்குமானால் இவர்களுக்குத்தானே அதிகம் வர வேண்டும்? போய்ப் பாருங்கள் என்றார். அந்த வயதில் எந்தக் கட்டியும் மரபணுவை மாற்றியிருக்க முடியாது என்பதுதான் இந்த யோசனையின் பலம். இன்று மருத்துவ ஆராய்ச்சியில் பெரிய துறையாக வளர்ந்திருக்கும் ஒரு முறைக்கு இந்தக் கடிதமும் ஒரு விதை. நம் கேள்வியிலிருந்தே அது முளைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

2011-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அப்படியே பார்த்தார்கள். ரத்தத்தில் எல்டிஎல் குறைவாக அளக்கப்பட்டவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. மரபணுவால் பிறவியிலிருந்தே எல்டிஎல் குறைவாக இருந்தவர்களுக்கோ கூடுதலாக வரவில்லை. அமெரிக்காவின் டல்லஸில் ஒரு பெண்ணுக்கு, பிசிஎஸ்கே9 என்ற புரதமே உடம்பில் இல்லாததால், எல்டிஎல் வெறும் 14. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவர்கள் கண்டறிந்தபோது அவர் 32 வயதில் முழு ஆரோக்கியத்துடன் இருந்தார். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் இப்போது புழக்கத்துக்கே வந்துவிட்டன. அவற்றில் ஒன்றை 27,564 பேருக்குச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு எல்டிஎல் 92-இலிருந்து 30 வரை இறங்கியது. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் கவனித்ததில் அவர்களிடம் புற்றுநோய் கூடவில்லை.

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகளுக்கு இதைவிட நீண்ட அனுபவம் இருக்கிறது. முதல் ஸ்டாட்டின் 1987-லேயே விற்பனைக்கு வந்தது. 27 பரிசோதனைகளில் கலந்துகொண்ட ஏறத்தாழ 1.75 லட்சம் பேரின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்து 2012-இல் ஆராய்ந்தார்கள். மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் புற்றுநோயில் வித்தியாசம் இல்லை. இரைப்பை உட்பட எந்த உறுப்பிலும் இல்லை. மாரடைப்பும் பக்கவாதமும் ஸ்டாட்டினால் குறைகின்றன என்பது தெளிவாக நிரூபணமான விஷயம். இல்லாத ஒரு ஆபத்துக்குப் பயந்து, இருக்கும் பாதுகாப்பைக் கைவிடுவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை. தசை வலி, கல்லீரல் எண்கள் என்று வேறு காரணம் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசி மாத்திரையையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்த வேண்டாம்.

எச்டிஎல் பற்றியும் ஒரு வார்த்தை. இது குறைவாக இருப்பவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகளில் தெரிகிறது. அதே நேரம், ஹெலிகோபாக்டர் தொற்று உள்ளவர்களுக்கு எச்டிஎல் கொஞ்சம் குறைவாக இருப்பதும், புகைபிடித்தால் அது குறைவதும் தெரிந்த செய்திகள்தான். கிருமி, புகை இரண்டுமே இரைப்பைப் புற்றுக்கும் காரணங்கள். எச்டிஎல்லை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

அப்படியானால் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 145 என்று வந்தால் என்ன செய்வது? எப்போதும் அப்படித்தான் இருக்கிறது, எடை நிலையாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஸ்டாட்டின் போட்டு 145 வந்திருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். கவனிக்க வேண்டியது வேறொரு நிலைமையை. வருடாவருடம் 205, 215 என்று வந்துகொண்டிருந்தது, மாத்திரையும் இல்லை, சாப்பாட்டையும் மாற்றவில்லை, இந்த வருடம் திடீரென்று 140 ஆகிவிட்டது. கூடவே உடம்பும் இளைத்திருக்கிறது. பலர் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். மருத்துவரிடம் பழைய ரிப்போர்ட்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய நேரம் அது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், கல்லீரல் கெட்டாலும், காசநோய் இருந்தாலும் இப்படிக் குறையும். புற்றுநோயும் அந்த வரிசையில் ஒன்று. கொலஸ்ட்ரால் எண்ணை வைத்து எந்த மருத்துவரும் வயிற்றுப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கு எண்டோஸ்கோப்பி செய்து, சந்தேகமான இடத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

எந்த எண்ணையும்விட முக்கியமான அறிகுறிகள் இருக்கின்றன. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக வரும் ரத்தசோகை, வாரக்கணக்கில் விடாத மேல்வயிற்று வலி. இவற்றை “கேஸ் டிரபிள்” என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் பான்டாப்ரசோலும் மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அந்த மாத்திரைகள் வலியைத் தணித்து, நோயை மறைத்துவிடும். கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனைக்கு அரசே ஏற்பாடு செய்கிறது, ஆரம்ப நிலையிலேயே நிறையப் பேரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறார்கள். நம் நாட்டில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. ஆகவே அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். கிருமிப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

அந்தப் பரிசோதனை கடினமானது அல்ல. ஒரு திரவத்தைக் குடித்துவிட்டு மூச்சை ஊதிக் காட்டும் பரிசோதனை இருக்கிறது. மலத்தில் பார்க்கும் முறையும் இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுபவர்கள் இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்திக்கொண்டு போக வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். கிருமி இருந்தால் வழக்கமாக 14 நாள் மருந்து, ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து. இந்தியாவில் சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்தக் கிருமி பணிய மறுக்கிறது. அதனால் நடுவில் விடாமல் முழுதாகச் சாப்பிட்டு முடித்து, நான்கு வாரமாவது கழித்து மறுபடி பரிசோதனை செய்து, கிருமி போய்விட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.